எண்ணெய் பிறந்த இடம்

பம்பாய்க்கு நான் போனது வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயைப் பார்ப்பதற்காக. இருபத்திரண்டு வருடம் கழித்துச் சொந்த ஊருக்குப் போகிறவள், கல்யாணத்துக்கு என்றோ துக்கத்துக்கு என்றோ சொன்னால் கேட்பவர்களுக்கும் திருப்தியாக இருக்கும். விமான நிலையத்தில் முத்திரை குத்திய பெண் அதிகாரி, "என்ன வேலையாக வந்தீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். "பழைய சமையல் எண்ணெய்" என்றேன். அவர் நிமிர்ந்து என்னை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம், "இதற்குமா ஜெர்மனியிலிருந்து ஆள் வருகிறார்கள்?" என்றார்.

வருகிறோம். கடைகளில் பொரித்துக் கழித்த எண்ணெயைச் சேர்த்து, சுத்தம் செய்து, லாரிக்கும் விமானத்துக்கும் எரிபொருளாக்குகிறார்கள். காடு வெட்டாமல், சாப்பாட்டு எண்ணெயைத் தொடாமல் கிடைப்பது என்பதால் ஐரோப்பாவில் அதற்கு ஏக மரியாதை. மரியாதை வந்த இடத்துக்கு ஏமாற்றும் வந்துவிட்டது. நல்ல பாமாயிலை லேசாக அழுக்காக்கி, பழைய எண்ணெய் என்று கப்பலேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு டின்னும் எந்தக் கடையின் எந்த வாணலியிலிருந்து வந்தது என்பதற்குக் கடைக்காரர் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் வேண்டும். எங்கள் தொழிலில் அந்தக் கடைக்குப் 'பிறப்பிடம்' என்று பெயர். அந்தப் பிறப்பிடம் உண்மைதானா என்று நேரில் போய்ப் பார்க்கிற தணிக்கையாளர் நான்.

தாராவியில் எண்ணெய் சேகரிக்கும் ஒருவருடைய சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வழக்கமாகப் போகும் சக ஊழியருக்கு முதுகுவலி. "உனக்குத்தான் அந்த ஊர் பாஷை தெரியுமே" என்று மேலாளர் என்னை அனுப்பினார். எந்த பாஷை என்று அவருக்குத் தெரியாது. நான் செம்பூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து ஒரு தொழிற்சாலையில் டைம் கீப்பராக இருந்தார். வீட்டில் நெல்லைத் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், ரயிலில் மூன்றும் கலந்த ஒன்று. அப்பாவும் அம்மாவும் ஓய்வுபெற்று ஊரோடு போய்விட்ட பிறகு எனக்குப் பம்பாயில் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு எங்கள் பழைய காலனிக்கு நடந்தேன். மூன்று மாடிக் கட்டடம் இருந்த இடத்தில் அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம். வாசல் காவலர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"யாரையும் இல்லை. முன்னாடி இங்கே குடியிருந்தேன்."

"எந்த மாடி?"

"இரண்டாவது."

அவர் பரிதாபமாகச் சொன்னார்: "இரண்டாவது மாடியில் இப்போது கார்தான் நிற்கிறது."

உண்மைதான். கீழ் ஐந்து மாடிகளும் வண்டி நிறுத்துமிடம். நான் பரீட்சைக்குப் படித்த உயரத்தில், அம்மா ஞாயிறு காலையில் ஆட்டுக்கறிக்கு மசாலா அரைத்த உயரத்தில், யாருடைய காரோ வெயில் படாமல் நின்றுகொண்டிருந்தது. சர்ச் மணி மட்டும் அதே திசையிலிருந்து கேட்டது. அந்த ஒலியைக் கேட்டதும் கால் தானாக வேகம் பிடித்தது. ஆராதனைக்குத் தாமதமாகப் போனால் அப்பா திட்டுவாரே.

மதியம் மாட்டுங்காவுக்கு ஆட்டோ பிடித்தேன். சயான் வந்ததும் டிரைவர் ஓரங்கட்டி, "இறங்குங்க" என்றார். ஆட்டோ இதற்குமேல் நகரத்துக்குள் போகக் கூடாது என்பது பம்பாயில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்ததுதான். ஹாம்பர்க்கில் எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று மனப்பாடமாகச் சொல்லுவேன்; என் ஊரில் ஆட்டோவின் எல்லை மறந்துபோயிருந்தது. "வெளியூரா?" என்று டிரைவர் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் காசை எண்ணிக் கொடுத்தேன். மீதித் தூரத்தை வியர்க்க வியர்க்க நடந்தே கடந்தேன்.

மாட்டுங்கா ஹோட்டலில் இடம் கிடைப்பதென்றால் முன்பின் தெரியாதவர் எதிரில் உட்கார்வது. ஜெர்மனியில் இத்தனை வருடத்தில் ஒருநாளும் அப்படிச் சாப்பிட்டதில்லை. அங்கே எதிர் நாற்காலியில் என் கைப்பைதான் உட்காரும். இங்கே எனக்கு எதிரில் ஒரு ரிடையரான வங்கிக்காரர் பைனாப்பிள் ஷீரா என்கிற கேசரியைச் சிறு கரண்டியால் அளந்து அளந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ரசவடையும் காபியும் சொன்னேன். என்ன உத்தியோகம் என்றார். சொன்னேன்.

"மிஞ்சின எண்ணெயில பிளேன் ஓட்டறாளா?" அவர் ஹோட்டலைச் சுற்றிப் பார்த்தார். எல்லா மேஜையிலும் வடை. "எங்களை நம்பி வந்திருக்கேள். நாங்க ஒண்ணும் மிச்சம் வைக்கற ஜாதியில்லையே!"

ரசத்தில் ஊறிய வடையை வாயில் வைத்தேன். அப்பாவுக்குப் போனஸ் வந்த நாட்களில் நாங்கள் நான்கு பேரும் இப்படித்தான் ஒரு மேஜையில் நெருக்கி உட்கார்ந்து ஆளுக்கொரு வடை சாப்பிடுவோம். அண்ணன் தன் வடையை முடித்துவிட்டு என் கிண்ணத்தையே பார்ப்பான். வங்கிக்காரர் என் முகத்தைப் பார்த்து, "காரமா?" என்று தண்ணீரை நகர்த்தினார். ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை காலை தாராவி. எண்ணெய் சேகரிக்கும் ஞானதுரையின் கோடவுன், தகரக் கூரை போட்ட நீளமான ஒரே அறை. ஒரு பக்கம் சதுர டின்கள், மறுபக்கம் நீல டிரம்கள். பஜ்ஜி, கோழி, மீன், சமோசா என்று ஊரின் எல்லாச் சாயங்கால வாசனைகளும் சேர்ந்து புளித்த வாடை. ஞானதுரைக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆங்கிலத்தில் வரவேற்பு உரை தயார் செய்து வைத்திருந்தார். இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டு, "தமிழ்லயே பேசலாம், அண்ணாச்சி" என்றேன்.

அவர் கையிலிருந்த தாள் அப்படியே நின்றது. "நம்மாளா நீங்க? எந்தப் பக்கம்?"

"செம்பூர். அப்பாவுக்கு சாத்தான்குளம் பக்கம்."

"ஏ, ராஜேஷு! இங்க வாடே! ஜெர்மனி மேடம் நம்மூருக்காரவுகளாம்! எனக்குத் திசையன்வெளதாம்மா. ரெண்டு மூணு நாளாத் தூக்கம் இல்ல, பாத்துக்கிடுங்க. வெள்ளக்காரன் வந்து என்னத்தக் கேக்கப்போறானோன்னு. இப்பத்தாம் உசுரு வந்துச்சு."

ராஜேஷ் அவருடைய டெம்போ ஓட்டுகிறவர். முப்பத்தைந்து வயது. கடை கடையாகப் போய் எண்ணெய் எடுத்து வருவதும், படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் அவர் பொறுப்பு. என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பயம் இருந்ததாக எனக்குப் பிற்பாடுதான் தோன்றியது.

மதியம் ஞானதுரையின் மனைவி வீட்டிலிருந்து சாப்பாடு கொடுத்தனுப்பியிருந்தார். தேங்காய் அரைத்த வஞ்சிரக் குழம்பு, அவியல். மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் என் அம்மாவின் கை இருந்தது. தணிக்கைக்குப் போன இடத்தில் தேநீருக்கு மேல் எதுவும் வாங்கக் கூடாது என்பது எங்கள் விதி. அதைச் சொல்லிவிட்டுப் பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்தேன். "மீன் குழம்புக்கும் ரூல் போட்டுருக்கானா அவன்?" என்று ஞானதுரை சிரித்தார். ஆனால் பாத்திரத்தை மூடும்போது முகம் வாடிவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு படிவங்கள். அறுபத்து நான்கு. எல்லாம் ஆங்கிலத்தில் அச்சடித்தவை, ஒழுங்காக வரிசைப்படுத்தியவை. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கையெழுத்து சிலவற்றில் ஆங்கிலத்தில், சிலவற்றில் இந்தியில், சிலவற்றில் தமிழில். தாராவியில் வீட்டில் முறுக்குச் சுட்டு விற்கும் பெண்கள் மூன்று பேருடையவை அடுத்தடுத்து வந்தன. பேச்சியம்மால். முத்தம்மால். சந்தனம்மால்.

மூன்றிலும் 'அம்மாள்' என்பதில் 'ள்' போய் 'ல்'. ஒருவர் தன் பெயரைத் தப்பாக எழுதலாம். மூன்று பேர் ஒரே தப்பை, ஒரே சாய்வில், ஒரே நீலப் பேனாவில் எழுத மாட்டார்கள். முதுகுவலிக்கார சகா வந்திருந்தால் அந்த எழுத்துகளைக் கோலம் என்று நினைத்துப் புரட்டியிருப்பார். சர்ச்சில் ஞாயிறு வகுப்பில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ள, ல, ழ எழுத வைத்ததால் எனக்கு அது கண்ணில் குத்தியது.

ஞானதுரை எதிரில் உட்கார்ந்து ஊர்க் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த மூன்று தாள்களுக்கும் ஓரத்தில் மஞ்சள் ஒட்டு ஒட்டினேன். அவர் அதைப் பார்த்தார். கதையை நிறுத்தாமல்தான் சொன்னார். ஆனால் சிரிப்பு குறைந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பிறப்பிடங்களைப் பார்க்கிற நாள். முதலில் மாட்டுங்காவில் ஒரு பெரிய சமையல்கூடம். அதன் மேலாளர், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குறை காண முடியாதபடி எல்லாம் வைத்திருந்தார். அங்கிருந்து தாராவிக்குத் திரும்பி, பேச்சியம்மாளின் வீடு எது என்று கேட்டேன். ராஜேஷ், "டிராஃபிக் ஜாஸ்தி மேடம், கல் போலாம்" என்றார். நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே என்றேன்.

இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. பேச்சியம்மாள் தரையில் செய்தித்தாள் விரித்து முறுக்கு ஆறவைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது, நெற்றியில் வியர்வை, கையெல்லாம் மாவு. படிவத்தின்படி அவர் மாதம் நான்கு டின் பழைய எண்ணெய் தருகிறார். அதைப் பற்றிக் கேட்டேன்.

"பழைய எண்ணெயா? எங்கிட்ட ஏதுக்கா? அடியில கெடக்கத வடிகட்டி மறுநா புதுசோட சேத்துருவேன். அதுலயும் மிச்சம்னா புள்ளையளுக்கு அப்பளம் பொரிப்பேன். எண்ணெய வெளிய ஊத்த நம்ம என்ன ராசாவா?"

"இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டீர்களா?"

அவர் மாவுக் கையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "எனக்குக் கையெழுத்து வராதுக்கா. நாட்டுறதுதான்" என்று கட்டைவிரலைக் காட்டினார். "ராஜேஷ் அண்ணன் பேரு கேட்டாவ. கேஸுக்கோ ரேஷனுக்கோன்னு நெனச்சுச் சொன்னேன். ஏன், தப்பா சொல்லிட்டனா? அவருக்கு ஏதும் வம்பா?"

ராஜேஷ் வாசலிலேயே நின்றார். சந்திலிருந்து வெளியே வந்து டெம்போவின் நிழலில் நின்றதும் தானாகப் பேசினார். "மேடம், சச் சொல்றேன். நான்தான் போட்டேன். தமிழ் ஸ்கூல்ல படிக்கல, எழுத்து டீக் வராது. ஆனா எண்ணெய் அஸ்லி, நெஜமான பழசு. ஒரு சொட்டு நக்லி இல்ல. அது கோவண்டில இருந்து வருது, ரோட்டு வண்டிங்க. அந்த வண்டிக்கார லோக் பேப்பர் பாத்தாலே பயந்துடுவான். லைசன்ஸ் இல்ல, வண்டியத் தூக்கிடுவாங்கன்னு. ஞானதுரை சேட்டுக்கு இது தெரியாது. ஃபாரம் வேணும்னு சொன்னார், கொண்டுவந்தேன்."

"அந்த வண்டிகளை எனக்குக் காட்ட முடியுமா?"

"ஆயியே, வாங்க" என்றார் உடனே. நான்கு மணிக்குக் கோவண்டி ஸ்டேஷன் வாசலில் இருக்கச் சொன்னார்.

டெம்போ நெரிசலில் நகராது என்பதால் நான் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்தேன். பெண்கள் பெட்டி. பூ கட்டுகிறவர், வெங்காயம் உரிக்கிறவர், பைபிள் படிக்கிறவர், எல்லோரும் நான் விட்டுப்போன அதே இடங்களில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. கல்லூரி நாட்களில் இதே நெரிசலில் நின்றுகொண்டே தூங்குவேன். அந்த நினைப்பிலேயே கோவண்டியில் இறங்க வாசலுக்கு வருவதற்குள், ஏறுகிற கூட்டம் என்னை உள்ளே தள்ளிவிட்டது. ஒரு அம்மாள் மராட்டியில் சொன்னார்: "கோவண்டியில் இறங்கணும் என்றால் செம்பூரிலேயே எழுந்து நின்றிருக்க வேண்டாமா, பைத்தியம்?" அடுத்த ஸ்டேஷனான மான்குர்துவரை போய்த் திரும்பி வந்தேன். அந்தத் திட்டில் ஏனோ மனம் குளிர்ந்தது. ஆட்டோக்காரர் என்னை வெளியூர் என்றார். இந்த அம்மாள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவள் என்று நினைத்துத் திட்டினார்.

கோவண்டி ஸ்டேஷன் வாசலில் சலீம் என்பவரின் வடாபாவ் வண்டி. கடாயில் எண்ணெய் காபிக் கறுப்பு. அவர் முதலில் என்னோடு பேசவே மறுத்தார். ராஜேஷ் என்னவோ சொல்லிச் சமாதானப்படுத்தினார். கழித்து வைத்திருந்த டின்னைத் திறந்து நான் கொண்டுபோயிருந்த சோதனைத் தாளை நனைத்தேன். தாள் நிறம் மாறியது. பலமுறை கொதித்த எண்ணெய்தான். யாரும் அழுக்காக்கியது அல்ல.

"ராஜேஷ் வருவதற்கு முன்னால் இதை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

சலீம் தெருவின் கோடியைக் கண்ணால் காட்டினார். அங்கே கோழி வறுக்கும் வண்டிகள். "அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். இதிலேயே இன்னும் இரண்டு நாள் பொரிப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான் நிற்கும். என் மகளும்தான். அதனால்தான் இப்போது இவனுக்குக் கொடுக்கிறேன்."

அன்று மாலை அறையில் அறிக்கையைத் திறந்து வைத்தேன். எண்ணெய் உண்மை. பிறப்பிடம் பொய். இந்தப் பொய்யை விட்டுவிட்டால் நாளைக்குப் பாமாயில்காரனும் இதே வழியில் நுழைவான். அவனுக்கும் ஒரு பேச்சியம்மாளின் பெயர் போதும். எழுதிவிட்டால் சான்றிதழ் நிற்கும், ஞானதுரை வாங்குவதை நிறுத்துவார், அந்தக் கறுப்பு எண்ணெய் கோடியிலிருக்கும் கோழிக் கடாய்க்கே திரும்பிப் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சலீமின் மகள் நின்றாள்.

புதன்கிழமை முடிவுரைக் கூட்டம். கூட்டம் என்றால் நாங்கள் மூன்று பேர். படிவங்களைப் பற்றிச் சொன்னேன். ஞானதுரை ராஜேஷைத் திரும்பிப் பார்த்தார். ராஜேஷ் தலை குனிந்தார்.

"ஏல, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" என்றார் ஞானதுரை. சத்தம் போடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "எம்மா, நீங்க பெருசா எழுதுவியளோ?"

"பெரிய குறை என்றுதான் எழுத வேண்டும். திருத்திக் காட்டும்வரை சான்றிதழ் கிடைக்காது."

"நம்மாளுன்னு நெனச்சேன்."

"அதனால்தான் அண்ணாச்சி அந்த 'ல்' எனக்குத் தெரிந்தது."

அவர் டிரம்கள் பக்கம் கையைக் காட்டினார். "சோப்புக்காரனுக்குக் கொடுத்துட்டு இருந்தவன் நான். நல்ல வேலை, புள்ளையளுக்கு நல்லதுன்னு சொன்னாவளேன்னு இதுக்கு வந்தேன். அந்த வண்டிக்காரப் பயலுவ இங்கிலீஸ் தாள்ல எப்படிம்மா கையெழுத்துப் போடுவானுவ? நானே படிச்சதில்ல அத முழுசா."

தணிக்கைக்காரர் ஆலோசனை சொல்லக் கூடாது. எப்படித் திருத்துவது என்று ஒரு வார்த்தை நான் பேசினாலும் தணிக்கை செல்லாது. விதிப் புத்தகத்தை வாசித்துக் காட்டலாம், அதற்குத் தடையில்லை. உறுதிமொழிப் படிவம் பற்றிய பக்கத்தைத் திறந்து மெதுவாகத் தமிழில் வாசித்தேன். என்னென்ன இருக்க வேண்டும், யார் கையெழுத்திட வேண்டும் என்று எல்லாம் இருந்தது. எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று இல்லை. முடித்துவிட்டு அதே பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன்.

இரண்டாவது முறை வாசிக்கும்போது ராஜேஷ் நிமிர்ந்தார்.

அன்றும் வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. என்னைச் சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது ஞானதுரை வாசல்வரை வந்தார். கை குலுக்கவில்லை, கும்பிட்டார். விமானம் எழும்பும்போது ஜன்னல் வழியாகத் தகரக் கூரைகள் ஒரே பழுப்பாகத் தெரிந்தன. கோடவுன் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அழுதேன். பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரர் கைக்குட்டைத் தாளை நீட்டிவிட்டு நாகரிகமாகப் பத்திரிகைக்குள் போய்விட்டார்.

பத்து வாரம் கழித்து மறுதணிக்கைக்குச் சகாவே போய் வந்தார். முதுகு சரியாகியிருந்தது. படிவங்களைப் படிக்கத் தெரியாமல் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். இந்தியிலும் தமிழிலும் அச்சடித்த எளிய தாள்கள். அறுபத்து நான்கு இப்போது முப்பத்தொன்று. அவற்றில் முக்கால்வாசி கைநாட்டு. சலீம் தன் பெயரை உருதுவில் எழுதியிருந்தார். பேச்சியம்மாள் பட்டியலிலேயே இல்லை. அவரிடம்தான் எண்ணெய் மிஞ்சுவதில்லையே. கையெழுத்திட மறுத்த வண்டிகளின் எண்ணெய் எங்கே போகிறது என்று அறிக்கையில் இல்லை. எனக்குத் தெரியும், சகாவிடமும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "முப்பத்தொன்றும் உண்மை" என்றார். சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டது.

தணிக்கைக் கோப்பை மூடும்போது நாங்கள் இருவருமே ஒரு தாளை நிரப்ப வேண்டும். இந்த வாடிக்கையாளரோடு உங்களுக்குத் தனிப்பட்ட உறவு ஏதும் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. இத்தனை வருடத்தில் எத்தனையோ நாட்டுக்குப் போய்வந்து எல்லாவற்றிலும் 'இல்லை' என்றே போட்டிருக்கிறேன். இந்த முறை 'உண்டு' என்று போட்டேன். மேலாளர் அழைத்து, "உறவினரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நண்பரா?" அதுவும் இல்லை. வேறு என்ன என்று ஜெர்மனில் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. "அப்படியென்றால் உன்னை இனி மும்பைக்கு அனுப்ப முடியாதே" என்றார். தெரியும் என்றேன்.

டிசம்பரில் பம்பாய் போகப் பத்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காரணம் என்ற கட்டத்தில் 'வீட்டுக்கு' என்று போட்டேன்.